இரவில் அடிபட்ட தெருநாய்: எந்தச் செலவை உடனே செய்ய வேண்டும், எது சில நாள் காத்திருக்கும்?

முடிச்சூர் ஆசிரியை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் மேற்குத் தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில் வசிக்கிறேன். எங்கள் தெருவிலேயே பிறந்து வளர்ந்த செவலை நிறப் பெண் நாய் ஒன்றைக் கடந்த செவ்வாய்க்கிழமை இரவு பத்தே முக்கால் மணியளவில் ஒரு கார் இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. அதற்கு இரண்டு வயதுக்கு மேல் இருக்காது. காது நுனியில் வெட்டு இருப்பதால், கருத்தடை செய்து மீண்டும் இங்கேயே விடப்பட்ட நாய் என்று தெரியும். சத்தம் கேட்டு நான் வெளியே ஓடியபோது, பின்னங்கால்கள் இரண்டும் தரையில் இழுபட, முன்னங்கால்களால் மட்டுமே ஊர்ந்து எங்கள் வாசற்படி வரை வந்திருந்தது. கைப்பேசி விளக்கைப் பிடித்துப் பார்த்தால், ஈறு சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருந்தது. எதிர்வீட்டுத் தம்பி கழற்றி வைத்திருந்த பழைய அலமாரிக் கதவு ஒன்றை எடுத்துவந்தார். அதில் படுக்க வைத்துச் சேலையால் கட்டி, அவருடைய சரக்கு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, இரவிலும் திறந்திருக்கும் ஒரு தனியார் கால்நடை மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்றரையைத் தாண்டியிருந்தது.

அன்றிரவு மட்டும் 8,500 ரூபாய் ஆனது. இரவு நேர ஆலோசனைக்கு 1,200, இரண்டு எக்ஸ்ரேவுக்கு 1,800, ரத்தப் பரிசோதனைக்கு 1,600, ட்ரிப்ஸ், ஊசிகள், தங்கும் அறை எல்லாம் சேர்த்து 3,900. அடுத்த இரண்டு நாளுக்குமாக 4,200. ஆக இன்று வியாழன் மாலை வரை 12,700 ரூபாய் கட்டியிருக்கிறோம். தெருவில் நான்கு வீட்டார் சேர்ந்து 9,000 கொடுத்தார்கள்; மிச்சம் என் கைக்காசு.

நாய் பிழைத்துவிட்டது. ஈறில் நிறம் திரும்பிவிட்டது, தயிர்சோறு சாப்பிடுகிறது, என் குரல் கேட்டால் வாலை ஆட்டுகிறது. ஆனால் வலது தொடை எலும்பு முறிந்திருக்கிறது, இடுப்பெலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது. இரண்டையும் தகடு வைத்துச் சரிசெய்ய 55,000 ரூபாய் ஆகும் என்றும், அதில் 30,000 ரூபாயை நாளை நண்பகலுக்குள் முன்பணமாகக் கட்ட வேண்டும் என்றும் சொல்கிறார்கள். என் ஒரு மாதச் சம்பளமே அதைவிடக் குறைவு.

எனக்குத் தெரிய வேண்டியது மூன்று விஷயம். இந்த அறுவை சிகிச்சை நாளைக்கே நடந்தாக வேண்டுமா? அரசு மருத்துவமனையில் தெருநாய்க்கு இதைச் செய்வார்களா? முகம் தெரியாதவர்களிடம் பணம் கேட்பதாக இருந்தால், யாருக்கும் சந்தேகம் வராதபடி எப்படிக் கேட்பது? உயிரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கணக்குப் பார்ப்பது எனக்கு மிகுந்த குற்ற உணர்வைத் தருகிறது. இருந்தாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

வேப்பேரி வழக்கமாகப் போகிறவள் (பதில் 1)

அன்புள்ள சகோதரி, முதலில் ஒன்று. நீங்கள் செவ்வாய்க்கிழமை இரவு கொடுத்த 8,500 ரூபாயில் ஒரு ரூபாய்கூட வீண் இல்லை. அந்த நாயை உயிரோடு வைத்திருப்பது அந்தப் பணம்தான். அதையும் இப்போது கேட்கும் 55,000 ரூபாயையும் ஒரே செலவாக எண்ணாதீர்கள். முதலாவது உயிரைக் காக்க அந்த நிமிடமே கொடுக்க வேண்டியிருந்தது. இரண்டாவதை யோசித்து, விசாரித்து, இன்னொருவரிடமும் கேட்டுவிட்டுக் கொடுக்க உங்களுக்கு நேரம் இருக்கிறது. பதினான்கு ஆண்டுகளாக அடிபட்ட நாய்களைத் தூக்கிக்கொண்டு அலைகிறவள் என்ற முறையில் சொல்கிறேன்: இரவில் பதறிப்போய் மொத்தச் செலவுக்கும் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டுவிட்டு, மூன்றாம் நாள் பணம் இல்லாமல் தவித்தவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

நாளைக் காலை நீங்கள் செய்ய வேண்டியது, எக்ஸ்ரே படங்கள், ரத்தப் பரிசோதனை முடிவுகள், இதுவரை போட்ட ஊசிகளின் விவரம் எழுதிய சீட்டு ஆகியவற்றைக் கேட்டு வாங்கிக்கொள்வது. கேட்பதற்குத் தயங்க வேண்டாம், நீங்கள் பணம் கட்டியவை அவை. பிறகு அதே பலகையில் படுக்க வைத்து, வேப்பேரியில் உள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். 1903ஆம் ஆண்டு தொடங்கிய கல்லூரி அது. எலும்பு அறுவைக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது, தெருநாய் என்பதற்காக யாரையும் திருப்பி அனுப்புவதில்லை. கட்டணம் தனியாரைவிடப் பல மடங்கு குறைவு. ஆனால் கூட்டம் மிக அதிகம் என்பதால் காலையிலேயே போய்ச் சீட்டுப் போட வேண்டும். ஒருவர் வரிசையில் நிற்க, ஒருவர் நாயின் அருகில் இருக்க, குறைந்தது இரண்டு பேர் தேவை. எலும்புக்குள் வைக்கும் கம்பி, தகடு, சில மருந்துகளை வெளியே வாங்கிவரச் சொல்வார்கள்; அதற்குப் பணம் எடுத்து வையுங்கள். அறுவைக்கு அன்றே நாள் கிடைக்காமல் இரண்டு மூன்று நாள் தள்ளியும் கிடைக்கலாம்.

அறுவைச் செலவைவிடப் பெரிய செலவு ஒன்றும் ஒளிந்திருக்கிறது. இப்படிப்பட்ட முறிவுக்குப் பிறகு ஆறு வாரமாவது நாயை ஒரு சிறிய இடத்தில் அடைத்து வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். பணம் வாங்கிக்கொண்டு நாய்களைத் தங்கவைக்கும் இடத்தில் ஒரு நாளைக்கு 400 ரூபாய் என்றாலும், 42 நாளுக்கு 16,800 ரூபாய் ஆகிவிடும். மருந்தும் கட்டு மாற்றுவதும் அதற்கு மேல். ஆகவே பணம் திரட்டத் தொடங்கும் முன், ஆறு வாரத்துக்கு வீட்டில் வைத்துக்கொள்ள யாராவது முன்வருவார்களா என்று தேடுங்கள். மாடிப்படிக்குக் கீழே உள்ள இடம், பால்கனி, பயன்படுத்தாத குளியலறை எதுவாக இருந்தாலும் போதும். அப்படி ஒரு வீடு அமைந்துவிட்டால் பாதிச் செலவு குறைந்துவிடும்.

காப்பகத்தில் விடலாமே என்று பலர் உங்களிடம் சொல்வார்கள். வேளச்சேரியில் இருக்கும் புளூ கிராஸ் போன்ற பெரிய அமைப்புகள் பல்லாயிரம் உயிர்களைக் காப்பாற்றியிருக்கின்றன. அவர்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் எந்தக் காப்பகத்திலும் இடம் போதாது. நோயுற்ற நாய்கள் நாள்தோறும் வந்துபோகும் இடத்தில், தடுப்பூசி போடாத ஒரு நாயை, அதுவும் அறுவை முடிந்து எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும்போது விட்டால், கால் குணமாகும் முன் நாய்களின் உயிரைப் பறிக்கும் தொற்றுநோய்களான பார்வோவோ டிஸ்டெம்பரோ தொற்றும் அபாயம் இருக்கிறது. அவர்களைத் தொடர்புகொள்வதில் தவறில்லை. அங்கே விட்டுவிட்டால் பொறுப்பு முடிந்தது என்று மட்டும் எண்ண வேண்டாம்.

1962 என்ற எண்ணைப் பற்றியும் யாராவது சொல்லக்கூடும். அது அரசின் நடமாடும் கால்நடை மருத்துவச் சேவைக்கான எண். ஆடு, மாடு வளர்க்கும் கிராமத்து மக்களுக்குப் பேருதவியாக இருக்கிறது. நகரத்தில் நள்ளிரவில் அடிபட்ட நாய்க்கு வண்டி வரும் என்று அதை நம்பிச் சாலையோரத்தில் காத்திருக்காமல், நீங்கள் செய்ததுபோலக் கிடைத்த வண்டியில் ஏற்றிக்கொண்டு போவதே நல்லது.

நாமக்கல்லில் படித்த கால்நடை மருத்துவர் (பதில் 2)

நாயை நேரில் பார்க்காமல் சிகிச்சை சொல்வது முறையல்ல. எனவே அம்மா, உங்கள் மருத்துவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகளை மட்டும் விளக்கமாக எழுதுகிறேன்.

வண்டியில் அடிபட்டு வரும் நாயின் உயிரை முதல் இருபத்து நான்கு மணி நேரத்தில் பறிப்பது பெரும்பாலும் எலும்பு முறிவு அல்ல. உள்ளே கசியும் ரத்தம், நுரையீரலில் ஏற்பட்ட நசுக்கல், வயிற்றுக்கும் மார்புக்கும் இடையிலுள்ள உதரவிதானம் கிழிந்து குடல் மார்புக்குள் ஏறிவிடுவது, சிறுநீர்ப்பை வெடிப்பது ஆகியவைதான் காரணம். அதனால்தான் ஈறை விரலால் அழுத்திப் பார்க்கிறோம். வெளுத்த இடத்தில் இரண்டு நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். ட்ரிப்ஸ், வலி குறைக்கும் ஊசி, ஆக்சிஜன், மார்பு எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை எல்லாம் இந்த ஆபத்துகளைக் கண்டுபிடித்துச் சமாளிப்பதற்காக. நசுங்கிய நுரையீரல் அடிபட்ட பிறகும் பல மணி நேரம் மோசமாகிக்கொண்டே போகலாம் என்பதால், அந்த நேரத்தில் மயக்க மருந்து கொடுப்பதே ஆபத்து. எலும்பு அறுவையை நாங்களே ஓரிரு நாள் தள்ளிப்போடுவது இதற்காகத்தான். எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தால் நிலைமை வேறு. அந்தப் புண்ணை உடனே கழுவிச் சுத்தம் செய்து ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும்.

இப்போது உங்கள் செவலையின் இரண்டு முறிவுகளையும் தனித்தனியாகப் பாருங்கள். இடுப்பெலும்பு ஒரு சட்டம்போல் அமைந்தது. ஓரிடத்தில் உடைந்தால் பெரும்பாலும் இன்னோர் இடத்திலும் உடையும். ஆகவே ‘இரண்டு இடத்தில்’ என்பதைக் கேட்டுப் பயந்துவிட வேண்டாம். தொடை எலும்பு பொருந்தும் குழியும், முதுகெலும்போடு இடுப்பு இணையும் மூட்டும் சேதமடையாமல், மலப்பாதையும் நெரிபடாமல் இருந்தால், நான்கு முதல் ஆறு வார ஓய்விலேயே பல நாய்களுக்கு இடுப்பெலும்பு கூடிவிடும். உடலின் பாரத்தைத் தாங்கும் பகுதி உடைந்திருந்தால்தான் தகடு தேவைப்படும். ‘இடுப்புக்கு அறுவை கட்டாயமா, எந்தப் பகுதி உடைந்திருக்கிறது?’ என்று நேராகக் கேளுங்கள். மதிப்பீட்டுத் தொகையில் பெரிய பங்கு இந்த ஒரு பதிலைப் பொறுத்தே இருக்கக்கூடும்.

தொடை எலும்புக்கு ஓய்வு மட்டும் போதாது. அதற்கு மாவுக்கட்டும் போடக் கூடாது. இடுப்பு மூட்டை அசையாமல் பிடித்துவைக்க வெளிக்கட்டால் முடியாது. கட்டின் கனம் முறிந்த இடத்தில் இழுத்து, எலும்பை இன்னும் விலக்கிவிடும். யாராவது மூங்கில் பத்தை வைத்துக் கட்டலாம் என்றால் அனுமதிக்காதீர்கள். அறுவைதான் வழி, ஆனால் தகடு ஒன்றே வழி என்பதில்லை. முறிவின் வடிவம் இடம்கொடுத்தால், எலும்பின் உட்குழியில் கம்பி செலுத்திச் சரிசெய்யலாம். செலவு கணிசமாகக் குறையும். அதையும் ஒரு வாரம், பத்து நாளுக்குள் செய்துவிடுவது நல்லது. அதற்கு மேல் போனால் தசை சுருங்கி, முறிந்த முனைகளைச் சுற்றிப் புது எலும்பு படர்ந்து, அறுவை கடினமாகும். ஆக உங்களுக்கு நாளை நண்பகல்தான் கெடு என்பது மருத்துவக் காரணத்தால் வந்த கெடு அல்ல. அதற்காகக் காலவரையின்றித் தள்ளிப்போடவும் முடியாது.

எந்த வழியிலும் பணம் சேரவில்லை என்றால் காலை அகற்றுவது பற்றியும் மருத்துவரிடம் பேசலாம். கேட்பதற்கே கொடுமையாக இருக்கும் என்று தெரியும். ஆனால் இருபது கிலோவுக்குள் இருக்கும் நம் நாட்டு நாய்கள் மூன்று காலில் ஓடுவதையும், படியேறுவதையும், குட்டிகளோடு விளையாடுவதையும் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். செவலைக்கு இடுப்பும் உடைந்திருப்பதால், மற்றப் பின்னங்கால் பாரம் தாங்குமா என்று உறுதிசெய்த பிறகே அந்த முடிவுக்கு வர வேண்டும்.

ஒரு பரிசோதனை கட்டாயம். பின்னங்கால் விரலை இடுக்கியால் அழுத்தும்போது நாய் திரும்பிப் பார்க்கிறதா, முனகுகிறதா என்று மருத்துவர் சோதித்தாரா என்று கேளுங்கள். காலை இழுத்துக்கொள்வது மட்டும் போதாது, வலியை அது உணர வேண்டும். முதுகுத்தண்டு முறிந்து, அந்த ஆழ்ந்த வலியுணர்வும் இரண்டு காலிலும் போய்விட்டால், மீண்டும் நடக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. அந்த நிலையில்தான் கருணைக்கொலை பற்றிப் பேசுவோம். நீங்கள் எழுதியபடி வாலை ஆட்டுகிறது என்பது நல்ல அறிகுறி. சிறுநீர் தானாகக் கழிக்கிறதா என்பதையும் கவனியுங்கள். கழிக்காவிட்டால் ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை அடிவயிற்றை மெதுவாக அழுத்தி வெளியேற்ற வேண்டும். அதைச் செய்யும் விதத்தைப் பார்த்துப் பழகிக்கொள்ளலாம்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வலிக்குது பாவம் என்று நாம் சாப்பிடும் இபுபுரோஃபன், டைக்ளோஃபெனாக் மாத்திரைகளை நாய்க்குக் கொடுக்காதீர்கள். குடலில் புண்ணையும் சிறுநீரகச் செயலிழப்பையும் அவை உண்டாக்கும். எலும்பு முறிவோடு வந்த நாயை மாத்திரையால் இழந்த அனுபவம் எனக்கு உண்டு. புழு வைத்த புண்ணில் பெட்ரோல், மண்ணெண்ணெய், பினாயில் ஊற்றுவதும் அப்படித்தான். முடியை வெட்டி, புழுக்களை இடுக்கியால் எடுத்து, மருந்திட்டால் முதல் நாள் சில நூறு ரூபாயில் முடியும் சிகிச்சை, ஒரு வாரம் கழித்து வந்தால் பல ஆயிரம் ரூபாய் ஆகிறது.

அடிபட்ட நாய் வலியில் தன்னை வளர்த்தவரையே கடிக்கும். துணியால் வாயைக் கட்டித் தூக்குங்கள். மூச்சுத் திணறினாலோ வாந்தி எடுத்தாலோ கட்டக் கூடாது. பல் பட்டுவிட்டால் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் வெறிநாய்க்கடித் தடுப்பூசியைத் தொடங்குங்கள், அங்கே இலவசம். அடிக்கடி நாய்களைத் தூக்குகிறவர்கள் கடிபடும் முன்பே தடுப்பூசி போட்டுக்கொள்வது அறிவுடைமை. அப்படிப் போட்டவர்களுக்குக் கடிக்குப் பிறகு முதல் நாளும், அதிலிருந்து மூன்று நாள் கழித்தும் என இரண்டே ஊசி போதும்.

ராமையன்பட்டிப் பக்கத்து ஆள் (பதில் 3)

சென்னைக்கு வெளியே இருப்பவர்கள் இந்தப் பதில்களைப் படித்து, நமக்கு வேப்பேரி இல்லையே என்று நினைக்க வேண்டாம். நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எங்கள் திருநெல்வேலி ராமையன்பட்டியிலும் தஞ்சாவூர் மாவட்டம் ஒரத்தநாட்டிலும் 2012இல் தொடங்கினார்கள். கல்லூரி இருக்கும் இடத்தில் நாய்களுக்கும் மருத்துவமனை இருக்கும். போன வருடம் ஒரு நாயின் முன்னங்கால் லாரிச் சக்கரத்தில் நசுங்கிப்போனது. ஊரிலுள்ள அரசுக் கால்நடை மருந்தகத்தில் ரத்தத்தை நிறுத்தி, வலிக்கு ஊசி போட்டு, சீட்டெழுதிக் கொடுத்தார்கள். மறுநாள் ராமையன்பட்டியில் காலை அகற்றினார்கள். என் கையிலிருந்து போனதில் வண்டி வாடகைதான் பெரிய தொகை. இப்போது அந்த நாய் எங்கள் டீக்கடை வாசலில் மற்ற நாய்களை விரட்டிக்கொண்டு மூன்று காலில் திரிகிறது.

கணக்கு எழுதுபவர், குரோம்பேட்டை (பதில் 4)

பணம் கேட்பது பற்றிய உங்கள் மூன்றாவது கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன்.

உங்கள் சொந்தக் கணக்கு எண்ணைப் போட்டுப் பணம் கேட்காமல் இருக்க முடிந்தால் அதுவே சிறந்தது. மருத்துவமனையின் பெயர், நாய்க்குக் கொடுத்த பதிவு எண், அவர்களுடைய யுபிஐ அல்லது வங்கிக் கணக்கு ஆகியவற்றைக் கொடுத்து, அந்தப் பதிவு எண்ணைக் குறிப்பிட்டு நேராக அங்கேயே கட்டச் சொல்லுங்கள். அரசு மருத்துவமனையில் அப்படிச் செய்ய முடியாது. மருந்தும் கம்பியும் கடையில் வாங்க வேண்டியிருக்கும். அப்போது இதற்கென்று ஒரு தனிக் கணக்கை மட்டும் பயன்படுத்துங்கள். வீட்டுச் செலவுக்கான கணக்கில் வந்து கலந்துவிட்டால், நீங்கள் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் பிறகு பிரித்துக் காட்ட முடியாது.

கேட்கும்போது முழுத் தொகையையும் ஒரேயடியாகக் கேட்காதீர்கள். இதுவரை 12,700 செலவாகியிருக்கிறது, ரசீதுகள் இதோ. அடுத்து இன்னின்ன செலவு வர இருக்கிறது என்று படியாக எழுதுங்கள். தேவையான தொகை வந்தவுடன், ‘போதும், இனி அனுப்ப வேண்டாம்’ என்று அதே இடத்தில் எழுதுங்கள். அதைப் பார்த்தவர்கள் அடுத்த முறை தயங்காமல் கொடுப்பார்கள். மிஞ்சினால் என்ன செய்வீர்கள் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ரத்தம் கசியும் படங்களைப் போட்டுக் கேட்பவர்கள் பலர் இருக்கிறார்கள். அதைவிட ஒரு தெளிவான ரசீதுப் படம் என்னைப் போன்றவர்களைக் கொடுக்கத் தூண்டும். பழைய படங்களை வைத்துப் பணம் பறித்த ஏமாற்றுக்காரர்களால் உண்மையானவர்கள் படும் அவமானம் கொஞ்சமல்ல என்பதால் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன்.

வருமான வரிச் சலுகை கேட்பவர்கள் வரலாம். 80ஜி ரசீது, அதற்கான பதிவு பெற்ற அறக்கட்டளைகளால்தான் தர முடியும். தனி மனிதரான உங்களால் முடியாது என்று முன்பே சொல்லிவிடுங்கள். இன்னொன்று, விலங்குகளுக்கான மருத்துவச் சேவைக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு. ஆலோசனைக்கும் அறுவைக்கும் வரி சேர்த்துப் பில் போட்டிருந்தால் பணிவாகக் கேளுங்கள். கடையில் வாங்கும் மருந்து இதில் சேராது.

எங்கள் தெருவில் நாங்கள் செய்வதைச் சொல்கிறேன். பதினொரு வீடுகள் மாதம் 200 ரூபாய் போடுகிறோம். ஆண்டுக்கு 26,400 ரூபாய் சேர்கிறது. தடுப்பூசிக்குப் போக மிச்சம் இருப்பதைத் தொடுவதில்லை. ஓர் இரவுக்கு 10,000 ரூபாய் வரை யாரையும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் என்றால் மூன்று பேராவது சம்மதிக்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறோம். நள்ளிரவில் நாயை மடியில் வைத்துக்கொண்டு முடிவெடுக்க வேண்டிய நிலை அதனால் எங்களில் ஒருவருக்கும் வருவதில்லை.

காலை நடை (பதில் 5)

யார் மனமும் நோகக் கூடாது என்ற கவனத்தோடுதான் எழுதுகிறேன். ஒரு நாய்க்கு 55,000 ரூபாய் என்பது சரியா? அந்தப் பணத்தில் முடிச்சூரின் எத்தனையோ தெருக்களில் உள்ள நாய்களுக்கெல்லாம் வெறிநோய்த் தடுப்பூசியும், குட்டிகளுக்குப் பார்வோ தடுப்பூசியும் போட்டுவிடலாமே. பார்வோ வந்த குட்டிக்கு ஐந்தாறு நாள் ட்ரிப்ஸ் ஏற்றிச் செலவழித்தும் கண்ணெதிரே இழந்திருக்கிறேன். தடுப்பூசிக்கு ஆகியிருக்கக்கூடிய தொகையை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது.

வேப்பேரி வழக்கமாகப் போகிறவள்

ஐயா, நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தடுப்பூசிக்கும் கருத்தடைக்கும் ஒதுக்கிய பணத்தை எடுத்து ஓர் அறுவைக்குச் செலவழிப்பதை நானும் ஏற்கமாட்டேன். எங்கள் குழுவில் இரண்டு கணக்குகளும் தனித்தனி. ஆனால் செவலைக்காக 500 ரூபாய் கொடுக்கும் ஒருவர், செவலை இல்லாவிட்டால் அதைத் தடுப்பூசிக்குக் கொடுப்பார் என்று சொல்ல முடியாது. வாசற்படி வரை ஊர்ந்து வந்த நாயைத் தெரிந்ததால்தான் அந்தத் தெருவில் நான்கு வீடு கதவைத் திறந்தது. அந்த நான்கு வீட்டாரிடமும் அடுத்த மாதம் தடுப்பூசி முகாமுக்குப் போய்க் கேளுங்கள், தருவார்கள். தகட்டுக்கு 55,000 என்பது தேவையா என்று கேட்டால், தேவையில்லாமலும் போகலாம் என்றுதான் மேலே மருத்துவர் விளக்கியிருக்கிறார்.

முடிச்சூர் ஆசிரியை

பதினைந்து நாள் கழித்து எழுதுவதற்கு மன்னிக்கவும். பதிலெழுதிய ஒவ்வொருவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி.

வெள்ளிக்கிழமை காலையில் முன்பணம் கட்டாமல், எக்ஸ்ரேக்களைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். மறுக்காமல் கொடுத்தார்கள். எட்டு மணிக்கெல்லாம் வேப்பேரியில் இருந்தோம். எங்களுக்கு முன்னால் ஒரு வெள்ளாடு, பின்னால் கூண்டில் ஒரு கிளி. எங்கள் முறை வர மதியமாகிவிட்டது. மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இடுப்புக் குழி நன்றாக இருக்கிறது, இதற்கு ஓய்வே போதும் என்றார். பிறகு இடுக்கியால் பின்னங்கால் விரலை அழுத்தினார். செவலை திரும்பி அவர் கையைப் பார்த்து உறுமியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர், ‘உறுமுவதுதான் நமக்கு வேண்டும்’ என்றார். தொடை எலும்புக்குத் திங்கட்கிழமை கம்பி வைத்தார்கள்.

கணக்கை இங்கேயும் வைக்கிறேன். தனியார் மருத்துவமனையில் 12,700, வேப்பேரியில் கட்டணமும் வெளியே வாங்கிய கம்பி, மருந்துகளும் சேர்த்து 7,350, வண்டிக்கு 1,900, பிறகு வாங்கிய மாத்திரை, கட்டுத்துணிக்கு 1,150. ஆக மொத்தம் 23,100 ரூபாய். தெருவில் முதலில் வந்த 9,000 போக, ரசீதுகளைப் போட்டுக் கேட்டபோது மூன்று நாளில் 11,600 வந்தது. அத்துடன் போதும் என்று எழுதிவிட்டேன். மிச்சம் 2,500 நான் போட்டுக்கொண்டேன்.

செவலை இப்போது எதிர்வீட்டுத் தம்பியின் வீட்டு மாடிப்படிக்குக் கீழே, பழைய கட்டில் சட்டங்களால் அடைத்த இடத்தில் இருக்கிறது. சிறுநீர் தானாகவே போகிறது. நேற்றுத் தையல் பிரித்தார்கள். தம்பியின் அம்மா முதலில் வேண்டாம் என்றவர்; இப்போது காலையில் அவர்தான் பாலில் மாத்திரையைக் கரைத்துக் கொடுக்கிறார். இன்னும் நான்கு வாரம் அடைத்து வைக்க வேண்டும். ஆனால் அடுத்த மாதம் 10ஆம் தேதி முதல் அவர்கள் குடும்பத்தோடு ஊருக்குப் போகிறார்கள், எங்கள் வீட்டில் இடமில்லை. தாம்பரம், பெருங்களத்தூர் சுற்று வட்டாரத்தில் யாராவது பத்து நாள் மட்டும் வைத்துப் பார்த்துக்கொள்ள முடியுமா? சாப்பாடு, மருந்து, கொண்டுவந்து விடுவது எல்லாம் என் பொறுப்பு. வெறிநோய், பார்வோ இரண்டுக்கும் தடுப்பூசி போட்டாகிவிட்டது.